ஒரு ‘2’ எங்கே குடியிருக்கிறது? – கணிப்பொறியின் சேமிப்பு ஊடகங்கள்



“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சார், இனிமே கவலையில்லை.” கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். ஏற்றினது சரி. எதன் மேல் ஏற்றினார்கள்? அது அங்கே எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? எத்தனை நாள் தங்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்தான் “கவலையில்லை” என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்களுக்கு இது பாடத்திலேயே வரும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் தம்பி தங்கைகளுக்கும் புரியும்படி இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பாடம் முழுவதையும் ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறேன். நம்ம ஏரியாவுக்குப் பழக்கமான எண்தான். இண்டக்ஷன் பர்னஸில் ஸ்கிராப்பை உருக்குகிறார்கள். ஒவ்வொரு உருக்குக்கும் ஒரு ஹீட் நம்பர் உண்டு. உருகிய எஃகில் சாம்பிள் எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் கார்பன், சல்பர், பாஸ்பரஸ் எவ்வளவு என்று வந்துவிடும். கார்பன் 0.21 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கட்டிடக் கம்பிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1786. அதில் எப்.இ. 500 டி ரகத்துக்குக் கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே 0.21 என்றால் பாஸ், 0.31 என்றால் பெயில்.

கம்பி கான்கிரீட்டுக்குள் போய் மறைந்த பிறகு அது எப்படிப்பட்ட கம்பி என்று சொல்ல டெஸ்ட் சர்ட்டிபிகேட்தான் மிச்சம். அந்தக் ‘2’ இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கணும். அது எங்கே, எப்படி இருக்கிறது என்று தேடிப் போவோம்.

1. பிட்டும் பைட்டும்

கணிப்பொறிக்குத் தெரிந்தது இரண்டே நிலை. சுவிட்ச் ஆன், ஆப் மாதிரி. அவற்றை 1, 0 என்கிறோம். ஒரு 1 அல்லது ஒரு 0, ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் ‘2’ என்ற எழுத்துக்கு 0110010 என்று ஏழு பிட். ‘3’ என்ற எழுத்துக்கு 0110011. இரண்டையும் மேலும் கீழும் எழுதிப் பாருங்கள். கடைசிப் பிட்டில் மட்டும்தான் வித்தியாசம். ஒரே ஒரு பிட் புரண்டால் 0.21 என்பது 0.31 ஆகிவிடும். பாஸான ஹீட் பெயில். பெயிலான ஹீட் பாஸ்!

ஆக, சேமிப்பு என்பது என்ன? ஏதோ ஒரு பொருளின் மேல் இரண்டு நிலையில் ஒன்றை அடையாளமாக வைக்கணும். வைத்தது தானாக மாறக் கூடாது. கேட்கும்போது படிக்க முடியணும். துளை, காந்தம், ஒளி, மின்னூட்டம் என்று நாலு வழியில் மனிதன் இதைச் சாதித்திருக்கிறான்.

2. துளை

1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹொலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். பின்னாளில் 80 பத்தி, 12 வரிசை கொண்ட அட்டை உலகம் பூராவும் பரவியது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில், புரோகிராம் எழுதுவது என்றால் அட்டைக் கட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

இயந்திரப் பட்டறைக்கு வந்தது அதன் தம்பி – துளை நாடா. என்.சி. மெஷின்களுக்கான பஞ்ச் டேப். ஒரு அங்குல அகலக் காகிதம். குறுக்கே எட்டுத் துளைக்கு இடம். அவற்றுக்கு நடுவே நாடாவை இழுக்கும் பல்சக்கரத்துக்கு ஒரு சின்னத் துளை. ஒரு வரிசை ஓர் எழுத்து. அங்குலத்துக்குப் பத்து வரிசை.

நம்ம ‘2’ இதில் எப்படி உட்காரும்? ஐ.எஸ்.ஓ. முறையில் 2, 5, 6 ஆகிய தடங்களில் துளை விழும். மொத்தம் மூன்று. இங்கேதான் ஓர் அழகான தந்திரம். எந்த வரிசையிலும் துளைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கணும் என்று விதி. மூன்று ஒற்றைப்படை ஆயிற்றே? எட்டாவது தடத்தில் இன்னொரு துளை போட்டு நாலாக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் பாரிட்டி. எண்ணெய்க் கறை பட்டு ஒரு துளை அடைபட்டால் மூன்றுதான் தெரியும். மூன்று ஒற்றைப்படை என்பதால் மெஷின் நின்றுவிடும். தப்பாக வெட்டுவதைவிட நிற்பது மேல் அல்லவா?

ஆனால் இரண்டு துளை ஒரே வரிசையில் அடைபட்டால் பாரிட்டி ஏமாந்துபோகும். எது கெட்டது என்றும் அதனால் சொல்ல முடியாது. “ஏதோ கெட்டிருக்கு” என்பதோடு சரி. இந்தக் குறையைத் தீர்க்கும் முறை பிறகு வந்தது. அதை நாலாம் பகுதியில் பார்ப்போம்.

துளை நாடாவின் பகை ஈரம், எண்ணெய், கிழிசல். அதன் பெரிய குறை, இடம். ஒரு மீட்டர் நாடாவில் சுமார் 394 எழுத்துதான் அடங்கும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காந்தம்

ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மேல் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தப் பொருளைப் பூசினால் பிளாப்பி. நாடாவின் மேல் பூசினால் டேப். அலுமினிய அல்லது கண்ணாடித் தட்டின் மேல் மெல்லிய காந்தப் படலம் ஏற்றினால் ஹார்ட் டிஸ்க். மூன்றுக்கும் தத்துவம் ஒன்றே. ஹெட் என்ற குட்டி மின்காந்தம், கீழே ஓடும் பரப்பில் ஒவ்வொரு நுண்பகுதியையும் இந்தத் திசையிலோ எதிர்த்திசையிலோ காந்தமாக்குகிறது. படிக்கும்போது திசை எங்கே மாறுகிறது என்று பார்க்கிறது. ஆக, நம்ம ‘2’ இங்கே காந்தத் திசை மாறும் இடங்களின் வரிசையாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தடவினாலும் தெரியாது.

மூன்றரை அங்குல பிளாப்பியின் கொள்ளளவை நாமே கணக்கிடலாம். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்.பி. என்றார்கள். துளை நாடாவில் இதே விஷயத்தைப் பதிய சுமார் மூன்றே முக்கால் கிலோமீட்டர் காகிதம் வேணும்! சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பிளாப்பிக்கு அவ்வளவு மவுசு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கின் முன்னோடி 1956-இல் வந்த ஐ.பி.எம். ராமேக். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க்கில் பல டெராபைட் அடைகிறோம். இது எப்படி முடிந்தது? ஹெட்டைத் தட்டுக்கு மிக மிக அருகில் கொண்டுவந்ததால். தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. நம் தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. அதில் ஒரு தூசி புகுந்தால், ஓடுகிற லாரிக்கு முன்னால் பாறாங்கல் விழுந்த கதைதான்.

ஸ்கிராப் யார்டில் கிரேனில் தொங்கும் மின்காந்தத்தைப் பார்த்த மாணவர்கள், “சார், அது ஆபீஸ் கம்ப்யூட்டரை அழிச்சிடுமா?” என்று கேட்பதுண்டு. காந்தப்புலம் தூரம் கூடக் கூட வேகமாகக் குறைந்துவிடும். யார்டுக்கு வெளியே உள்ள ஆபீசுக்குப் பயமில்லை. பிளாப்பியையோ, காந்தப் பட்டை உள்ள கார்டையோ பலமான காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க்குக்கு நம் பகுதியில் உண்மையான பகை வேறு: சூடு, அதிர்வு, கீழே விழுதல், ஓடும்போது கரண்ட் போவது. ரோலிங் மில் சுவரை ஒட்டி மேஜை போட்டுக் கம்ப்யூட்டர் வைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

காந்த நாடாவை அருங்காட்சியகத்துப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இல் வந்த எல்.டி.ஓ.-9 நாடாவில் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 18 டெராபைட். உள்ளே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நாடா. குளிர்ச்சியாக, ஈரம் ஏறாமல் வைத்தால் முப்பது வருஷம் தாங்கும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். அலமாரியில் இருக்கும்போது அதுக்குக் கரண்டும் வேண்டாம்.

4. ஒளி

1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் ‘2’ ஒரு பள்ளம். பாலிகார்பனேட் தகட்டில் சுருள் பாதையாகப் பள்ளமும் மேடும். பாதைக்கும் பாதைக்கும் 1.6 மைக்ரான் இடைவெளி. சுருளை நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் வரும். 780 நானோமீட்டர் அலைநீள லேசர் அதன் மேல் பட்டுத் திரும்புகிறது. பள்ளத்தின் விளிம்பு வந்தால் 1. விளிம்பு இல்லாத இடம் 0. காந்தத்தில் திசைமாற்றம் பார்த்தது போலவே இங்கேயும் ‘மாற்றம்’தான் செய்தி.

டி.வி.டி.யில் 650, புளூ-ரேயில் 405 நானோமீட்டர் என்று லேசரின் அலைநீளம் குறைந்தது. கூரான பென்சிலில் பொடி எழுத்து எழுதுகிற மாதிரி. அதனால்தான் 700 எம்.பி. என்பது 4.7 ஜி.பி. ஆகி, பிறகு 25 ஜி.பி. ஆனது.

இப்போது பாரிட்டியில் விட்ட கதைக்கு வருவோம். 1960-இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். தகவலோடு கொஞ்சம் உபரி எண்களைச் சேர்த்து எழுதிவிட்டால், கெட்டது எது என்று கண்டுபிடித்து, சரியான மதிப்பையும் திரும்பப் பெறலாம். சி.டி.யில் பாதை நெடுக சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அழிந்தாலும் தகவல் முழுசாகத் திரும்பி வருவது இந்த முறையால்தான். டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் போன் அதைப் படித்துவிடுகிறதே, அங்கே வேலை செய்வதும் இதே ரீட்–சாலமன் முறைதான்.

சி.டி.யின் பகை வெயில், கீறல். வீட்டில் எழுதும் சி.டி.யில் பள்ளம் கிடையாது. ஒரு சாயப் பூச்சைத்தான் லேசர் சுட்டுக் கருக்குகிறது. வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். இன்னொரு விஷயம்: மினுமினுப்பான அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்கள். சி.டி.யின் ஒளி திருப்பும் படலம் மேல்பக்கத்து மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே விழும் கீறல்தான் அதிகக் கேடு.

5. மின்னூட்டம்

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது ‘2’ ரேமில் இருக்கிறது. நுண்ணிய கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அவை ஓட்டைப் பானை மாதிரி. நொடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கணும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ‘சேவ்’ கொடுத்த பிறகும் சில கணம் தகவல் இந்த இடைக்கால நினைவகத்திலேயே காத்திருக்கலாம். யு.பி.எஸ். வேண்டும் என்பதும், பென் டிரைவை முறைப்படி வெளியே எடுக்கணும் என்பதும் இதனால்தான்.

சி.என்.சி. மெஷின்கள் பலவற்றில் பாராமீட்டர், டூல் ஆப்செட், புரோகிராம் எல்லாம் பேட்டரி காக்கிற ஸ்டாட்டிக் ரேமில் இருக்கும். நான் பார்த்த ஒரு பட்டறையில் பொங்கல் லீவு முடிந்து மெஷினை ஆன் செய்தார்கள். திரை நிறைய அலாரம். பேட்டரி லீவிலேயே தீர்ந்து, பாராமீட்டர் மொத்தமும் காலி. அதற்கு முந்தின மாசமே பேட்டரி எச்சரிக்கை வந்திருக்கிறது. “அப்புறம் பாத்துக்கலாம்” என்று விட்டுவிட்டார்கள். மெஷினோடு வந்த பாராமீட்டர் தாள் ஒன்றைப் பழைய ஆபரேட்டர் அண்ணன் பிளாஸ்டிக் உறையில் போட்டு பேனல் கதவின் உள்பக்கம் மாட்டி வைத்திருந்தார். ரெண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டி ஏற்றினார்கள். சாயங்காலம் மெஷின் ஓடிற்று. லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கின மெஷினை அன்றைக்குக் காப்பாற்றியது ஒரு தாள். மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இத்தகைய கன்ட்ரோல்களில் நினைவக பேட்டரியை, மேனுவலைப் பார்த்து, கன்ட்ரோலுக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்றணும். ஆப் செய்துவிட்டுக் கழற்றினால் அதே கதிதான்.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் பிளாஷ் நினைவகம். 1980-களில் ஜப்பானின் தோஷிபாவில் புஜியோ மசுவோகா உருவாக்கியது. இதில் எலெக்ட்ரான்களை ஆக்சைடு சுவருக்குள் தள்ளி அடைத்துவிடுகிறார்கள். கரண்ட் போனாலும் அவை வெளியே வராது. ஆனால் ஒவ்வொரு தடவை அழித்து எழுதும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் ரகங்களில் ஓர் அறையைச் சில ஆயிரம் தடவைதான் அழித்து எழுதலாம். தேய்ந்த சுவர் வழியே எலெக்ட்ரான் கசியும். சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. தன் ஆயுளுக்குரிய அளவு எழுதித் தேய்ந்த பிறகு, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு வருஷம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தரம். புது டிரைவ் இதைவிட நன்றாகவே தாங்கும். இருந்தாலும் பத்து வருஷ ரிக்கார்டைப் பென் டிரைவில் போட்டு, ஷாப் ப்ளோர் டிராயரில் பூட்டி வைப்பது பத்திரம் ஆகாது.

இப்போது அந்தக் காகிதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 16 ஜி.பி. பென் டிரைவில் உள்ளதைத் துளை நாடாவில் பதிந்தால் நீளம் 40,000 கிலோமீட்டரைத் தாண்டும். பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்!

6. பொருள் இருக்கு, படிக்க ஆள் இல்லை

பழவேற்காடு நம் மாவட்டம்தான். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் 17-ஆம் நூற்றாண்டுக் கற்கள் இன்றும் இருக்கின்றன. கடல்காற்றிலும் எழுத்து நிற்கிறது. படிக்க வேண்டியது கண்ணும் வெளிச்சமும்தான். ஆனால் ஒரு கல்லுக்குச் சில வரிதான். பொதுவாக, அடையாளம் பொடியாகப் பொடியாகக் கொள்ளளவு கூடும். அதைப் படிக்க வேண்டிய கருவியின் சிக்கலும் கூடும்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் இங்கிலாந்தில் உண்டு. 1086-இல் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக்கணக்குப் புத்தகத்தின் 900-ஆவது ஆண்டையொட்டி, 1986-இல் பி.பி.சி. புதிய டூம்ஸ்டே ஒன்றை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. பதினைந்து வருஷத்திலேயே அதைப் படிக்கும் கருவி கிடைப்பது குதிரைக்கொம்பாகி, ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு மீட்க வேண்டியதாயிற்று. 900 வருஷத்துப் புத்தகமோ சும்மா திறந்தால் படிக்கலாம். பிளாப்பி கதையும் இதேதான். சோனி 2011-இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்டது.

தமிழுக்கு இன்னொரு சங்கடம். 1990-களில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஒன்றில் தட்டச்சு செய்த பைலை இன்னொன்றில் திறந்தால் கன்னாபின்னாவென்று வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகள் முன்வைக்கப்பட்டன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் ‘அ’வுக்கு எண் 2949. உலகில் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதேதான். பழைய எழுத்துருவில் உள்ள ஆண்டு மலர், சங்கக் கணக்கு எதுவாக இருந்தாலும் யூனிகோடுக்கு மாற்றி வைப்பதும் சேமிப்பில் சேர்த்திதான்.

7. என்னதான் வழி?

எல்லா ஊடகமும் ஒருநாள் கெடும். கெடும் முன்னே அடுத்ததில் பிரதி எடுப்பதே வழி. நம் ஓலைச்சுவடிகள் இத்தனை நூற்றாண்டு வந்து சேர்ந்தது எப்படி? பழைய சுவடி செல்லரிக்குமுன் புது ஓலையில் பார்த்து எழுதினார்களே, அப்படித்தான்.

அனுபவஸ்தர்கள் சொல்லும் விதி 3–2–1. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒரு பிரதி வேறு ஊரில். கடைசி ஒன்று ஏன் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. தரைத்தள அலமாரியில் மூன்று பிரதி இருந்தாலும் மூன்றும் சேர்ந்துதானே நனையும்? 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன.

“கிளவுட்ல இருக்கு சார்” என்பார்கள். கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. 2018 வரை நம் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரிலேயே பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. உள்ளே இருப்பதும் மேலே சொன்ன ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., டேப்தான். வேறு ஊரில் ஒரு பிரதி வைக்க அது நல்ல வழி. ஆனால் அதுவும் ஒரு பிரதிதான்.

இதெல்லாம் ஆபீஸ்காரர் தலைவலி என்று விட்டுவிடாதீர்கள். 16.11.1995 முதல் நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். இரண்டு மூன்று மில் மாறி வேலை பார்த்தவருக்கு ஒரு மில்லின் பழைய வருகைப் பதிவு தொலைந்தால், அந்த வருஷங்களை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அப்படி ஒருவராக இருக்கலாம். கம்பி சர்ட்டிபிகேட்டில் ஒரு ‘2’ போல, அவர் சர்வீஸிலும் ஒரு ‘10’ எங்கோ துளையாகவோ காந்தமாகவோ இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. ‘7’ என்ற எழுத்துக்கு ஆஸ்கியில் 0110111. இரட்டைப்படை பாரிட்டிக்கு எட்டாவது பிட் என்னவாக இருக்கணும்?

2. யூ.டி.எப்.-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. மொத்தம் எத்தனை பைட்? உங்கள் பெயருக்கு எத்தனை?

3. உங்கள் பிராஜக்ட் ரிப்போர்ட் இப்போது எத்தனை பிரதி, எந்தெந்த ஊடகத்தில், எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களின் பி.எப். பாஸ்புக்கையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் அதே போலக் கணக்கெடுங்கள். ஒரே பிரதி என்று வந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஜெராக்ஸும் ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் திறந்து, படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

(விடை: 1. ஏழில் ஐந்து 1 இருப்பதால் எட்டாவது பிட் 1. 2. 15 பைட்.)